அரசன் சரித்திரமும் உழுதவன் கணக்கும்

காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலையில் ஒரு டீக்கடை. இரவு ஷிப்டு முடித்து வந்த காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடவு வேலைக்குப் போக பஸ்ஸை எதிர்பார்த்து இரண்டு பெண்கள் ஓரமாக நின்றிருந்தார்கள். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பழைய ராஜாக்களிடம் வந்து நின்றது. ஓர் இளைஞர் நம்மைக் கேட்டார்:

"தோழர், கிருஷ்ணதேவராயர் காலத்திலே வைரமும் முத்தும் கடைத்தெருவிலே வச்சு வித்தாங்களாமே? வெளிநாட்டுக்காரனே பார்த்து எழுதி வச்சிருக்கானாம். அப்போ நம்மளை மாதிரி கூலிக்கு அலையற ஜனங்களே இருந்திருக்க மாட்டாங்க, இல்லையா?"

நாம் வாயைத் திறக்குமுன் ஓரத்தில் நின்ற அம்மாள் பதில் சொல்லிவிட்டார்:

"வைரத்தைத் தின்ன முடியுமா தம்பி? நெல்லை யாராவது நட்டுத்தானே இருப்பாங்க? அவங்களுக்கு என்ன கூலின்னு அந்தப் புஸ்தகத்திலே போட்டிருக்கா, கேளு."

பஸ் வந்தது, அம்மாள் ஏறிப் போய்விட்டார். கேள்வி மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் படித்த அந்தப் புத்தகத்தை மறுபடியும் எடுத்து, இந்தத் தடவை அந்த அம்மாளின் கண்ணோடு படித்தோம். கண்டதை இங்கே எழுதுகிறோம்.

குதிரை வியாபாரி எழுதிய சரித்திரம்

ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலம் என்று சொல்கிறார்களே, அந்தக் காலத்தில் அரசர்களின் ஆட்சியைச் சரித்திரமாக எழுதுவது பெரிய கலையாக வளர்ந்தது. இங்கிலாந்தில் தாமஸ் மோர் மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் சரித்திரத்தை எழுதினார். பிரான்சிஸ் பேக்கன் 1622-ல் ஏழாம் ஹென்றி மன்னனின் ஆட்சியைப் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். அதே நூற்றாண்டுகளில் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தவர்களும் இங்கே கண்ட அரசர்களைப் பற்றி எழுதினார்கள்.

அவர்களில் இருவர் போர்ச்சுக்கீசியர். டொமிங்கோ பயஸ் என்பவர் 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விஜயநகரத்துக்கு வந்து கிருஷ்ணதேவராயரையும் அவர் தலைநகரையும் நேரில் கண்டார். நகரம் ரோமாபுரி அளவு பெரியது என்று வியந்தார். கடைத்தெருவில் விற்ற ரத்தினங்களைப் பற்றி எழுதியவர்களில் அவரும் ஒருவர். மற்றவர் பெர்னாவோ நூனிஸ். இவர் குதிரை வியாபாரி. 1535-லிருந்து 1537 வரை, அச்சுததேவராயர் ஆண்ட காலத்தில், விஜயநகரத்தில் இருந்தார். அந்த ராஜ்யத்தின் அரசர்களை ஒருவர் பின் ஒருவராக வரிசைப்படுத்திச் சரித்திரம் எழுதினார். 1509-லிருந்து 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயரின் கதைதான் அதில் மிகப் பெரிய பகுதி.

இந்த இரண்டு கையெழுத்துப் பிரதிகளும் பாரிஸ் நகரத்து நூலகத்தில் உறங்கிக் கிடந்தன. 1897-ல் டேவிட் லோபஸ் என்ற அறிஞர் அவற்றை லிஸ்பனில் அச்சிட்டார். மதராஸ் சர்க்காரில் அதிகாரியாக இருந்த ராபர்ட் சிவெல் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900-ல் தம் நூலோடு சேர்த்து வெளியிட்டார். இன்று மேடைகளிலும் சினிமாவிலும் கேட்கும் விஜயநகரப் பெருமையில் பெரும் பகுதி இந்த ஊற்றிலிருந்து வந்ததே. கிருஷ்ணதேவராயர் முடிசூடிய 500-ம் ஆண்டை 2010-ல் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் விழாவாகக் கொண்டாடியபோதும் இந்த வர்ணனைகள்தான் மேற்கோளாயின.

அரண்மனையில் கண் பறித்தல்

நூனிஸ் சொல்லும் கதையின் தொடக்கமே பயங்கரமானது. மரணப் படுக்கையில் கிடந்த அரசர், தம் மகனுக்குப் பட்டம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, தம்பி கிருஷ்ணதேவராயரின் கண்களைத் தோண்டி வந்து காட்டும்படி மந்திரிக்கு உத்தரவிட்டாராம். மந்திரி சாளுவ திம்மரசர் ஓர் ஆட்டின் கண்களைக் காட்டி அரசரை நம்பவைத்து, தம்பியைக் காப்பாற்றிப் பட்டம் கட்டினாராம். பின்னாளில் அதே கிருஷ்ணதேவராயர், தம் சிறு பிள்ளையை விஷம் வைத்துக் கொன்றதாகச் சந்தேகப்பட்டு, அதே திம்மரசரைச் சிறையில் தள்ளிக் கண்களைப் பறித்தார் என்று முடிக்கிறார் நூனிஸ்.

ஆட்டுக்கண் கதை அப்படியே நடந்ததா, ஊரில் உலவிய பேச்சா என்பது பண்டிதர்கள் பார்க்க வேண்டிய விஷயம். நாம் கவனிப்பது வேறு. தாமஸ் மோரின் புத்தகத்திலும் இதே சங்கதிதான்: பட்டத்துக்காகச் சித்தப்பன் அண்ணன் பிள்ளைகளைக் கொன்றான் என்று இங்கிலாந்து கதை சொல்கிறது. லண்டனானாலும் விஜயநகரமானாலும், அரசர் சரித்திரம் எழுதுகிறவன் முதலில் எட்டிப் பார்ப்பது அந்தப்புரத்தை. யார் கண் போயிற்று, யார் தலைக்கு முடி வந்தது என்பதே அவன் கவலை. வயலில் நின்றவனின் கண்ணில் வழிந்த நீர் அவன் ஏட்டில் ஏறுவது அபூர்வம்.

செத்த குதிரையின் வால்

நூனிஸ் வியாபாரி அல்லவா? அதனால் விலைவாசியை நன்றாகக் குறித்திருக்கிறார். அரசர் ஆண்டுதோறும் 13,000 குதிரைகள் வாங்கினாராம். அதற்கு முந்திய ஓர் அரசர் காலத்தில் இன்னும் விசித்திரம். மூன்று குதிரைக்கு ஆயிரம் வராகன் விலை. அரபு நாட்டுப் பக்கத்திலிருந்து வரும் வழியில் குதிரை கப்பலில் செத்துப் போனாலும் நஷ்டமில்லை. வாலை வெட்டிக் கொண்டுவந்து காட்டினால் போதும், உயிருள்ள குதிரைக்கு உண்டான முழு விலையும் கிடைக்கும்!

தோழர்களே, இதை நாம் இரண்டு தடவை படித்தோம். செத்த குதிரையின் வாலுக்குப் பொன் கொடுத்த கஜானா அது. அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? அரண்மனை மரத்தில் காய்த்ததா?

இந்தக் கேள்விக்கு நூனிஸே, தம்மையறியாமல், பதில் எழுதி வைத்திருக்கிறார். ராஜ்யத்தின் நிலம் முழுவதும் அரசருடையது. அரசரிடமிருந்து அதைப் பெற்று ஆளுகிறவர்கள் தளபதிகள், அதாவது நாயக்கர்கள். இருநூறு பேருக்கு மேல். அவர்கள் நிலத்தைக் குடியானவர்களிடம் விடுகிறார்கள். குடியானவன் விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கைத் தன் பிரபுவுக்குக் கொடுக்க வேண்டும். அவனுக்குச் சொந்த நிலம் கிடையாது. நாயக்கர்களுக்கு மொத்தம் 120 லட்சம் வராகன் வருமானம். அதில் 60 லட்சம் அரசருக்கு, மீதி படைக்கும் யானைக்கும் அவர்கள் செலவுக்கும். நிலத்தைப் பிடித்திருப்பவர்கள் கொடுங்கோலர்களாக இருப்பதால் சாதாரண ஜனங்கள் மிகவும் துன்பப்படுகிறார்கள் என்றும் அந்த வியாபாரி ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார்.

நாற்று நடப் போன அந்த அம்மாள் கேட்ட கணக்கு இதுதான். புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் ஊர்வலங்களுக்கும் விழாக்களுக்கும் பக்கம் பக்கமாக இடம், உழுதவனுக்குச் சில வரிகள். மேடையில் பேசுகிறவர்கள் ஊர்வலப் பக்கங்களை வாசிக்கிறார்கள். இந்தச் சில வரிகளைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

ஒன்பது பங்கு உண்மையா?

நியாயமாக ஒரு கேள்வி எழும். பத்தில் ஒன்பது பங்கு போனால் குடியானவன் உயிர் வாழ்ந்தது எப்படி? அந்நியன் ஒருவன் சரியாகப் புரியாமல் எழுதியிருக்கலாமே? இந்தக் கணக்கு மிகைப்பட்டது என்று கருதும் சரித்திர ஆசிரியர்கள் உண்டு. நூனிஸ் எண்களை ஊதிப் பெருக்கக்கூடியவர் என்பதும் உண்மை. 1520-ல் ராய்ச்சூர் யுத்தத்துக்குப் போன படையில் காலாட்கள் மட்டும் 7 லட்சத்துக்கு மேல் என்கிறார். கூடவே வெற்றியில் தம் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள் சிலரின் பங்கைப் பெரிதாகச் சொல்கிறார்.

நமக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக ஓர் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பது நம் வழக்கமாக இருக்கக்கூடாது. ஆகவே ஒன்பது என்ற எண்ணை ஒதுக்கி வைப்போம். அந்த ராஜ்யத்தில் தமிழ்நாட்டு ஜனங்களே சொன்னது எதாவது உண்டா என்று பார்ப்போம்.

உண்டு! கல்லில் இருக்கிறது.

கோயில் சுவரில் ஒரு தீர்மானம்

கிருஷ்ணதேவராயருக்கு 80 ஆண்டுகளுக்கு முன், இரண்டாம் தேவராயர் காலத்தில், 1429-ல் வெட்டப்பட்ட கல்வெட்டுக்கள் தஞ்சைப் பக்கத்தில் ஆடுதுறை, திருவைகாவூர், கொறுக்கை முதலிய ஊர்க் கோயில்களில் உள்ளன. வலங்கைச் சாதிகள் 98, இடங்கைச் சாதிகள் 98 என்று சொல்லப்பட்ட ஜனங்கள் ஒன்றுகூடிச் செய்த முடிவு அவற்றில் இருக்கிறது. வலங்கைக்கும் இடங்கைக்கும் தீராப் பகை என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். ஊர்வலப் பாதைக்கும் கொடிக்கும் மண்டை உடைத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த இருவரும் 1429-ல் ஒரே பந்தியில் உட்கார்ந்தது எதனால்?

வரிக் கொடுமையினால். விளைச்சலைப் பார்த்து வரி போடாமல் அநியாயமாக வாங்கினார்கள். ஊரைவிட்டே ஓடிப்போக இருந்தோம். மண்டலம் முழுவதும் ஒன்றாக நிற்காததால்தான் நமக்கு இந்த அநியாயம் என்று உணர்ந்தோம் - இந்தக் கருத்தைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இனி விளைந்ததற்குத் தக்க நியாயமான வரியைத்தான் கொடுப்பது, சட்டவிரோதமாகக் கேட்பதைக் கொடுப்பதில்லை என்பது தீர்மானம். அரசாங்க அதிகாரிகளோடு கைகோர்த்துக்கொண்ட பிராமண, வெள்ளாள நிலவுடைமையாளர்களுக்கு இடம் தருவதில்லை, அவர்களுக்குக் கணக்கு எழுதுவதில்லை என்றும் கட்டுப்பாடு செய்தார்கள். இந்தக் கல்வெட்டுக்களை ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் சுப்பராயலுவும் துருவி ஆராய்ந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள்: குதிரை வியாபாரி ஒன்பதுக்கு எட்டாகவோ ஆறாகவோ தவறியிருக்கலாம். ஆனால் ஜனங்கள் துன்பப்பட்டார்கள் என்று அவர் எழுதிய வரி பொய்யாகுமா? நூறு ஆண்டுக்கு முன்பே ஜனங்கள் அதைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டார்களே! அந்நாளில் தறிக்கும் வரி இருந்தது என்று கல்வெட்டுக்கள் காட்டுகின்றன. மில் தொழிலாளியின் பாட்டன் நெய்த தறிக்கும், விவசாயத் தொழிலாளியின் பாட்டன் உழுத வயலுக்கும் ஒரே கை நீண்டது.

ஏரியும் கால்வாயும்

ராஜா ஏரி வெட்டினார், அதனால் ஜனங்கள் வாழ்ந்தார்கள் என்பார்கள். வெட்டியது உண்மை, அதனால் பாசனம் நடந்ததும் உண்மை. ஹோஸ்பேட்டைப் பக்கத்தில் கிருஷ்ணதேவராயர் ஒரு பெரிய ஏரி கட்டுவித்தார். வேலை நடக்கும்போது பயஸ் நேரில் பார்த்தார். பதினைந்து இருபதாயிரம் பேர் எறும்புக் கூட்டம் போல் வேலை செய்தார்களாம். கால் வைத்த தரையே தெரியவில்லையாம். கரை இரண்டு மூன்று தடவை உடைந்தது. பரிகாரம் என்ன என்று அரசர் கேட்க, நரபலி வேண்டும் என்றார்களாம் பிராமணர்கள். அறுபது பேர் தலைகள் கோயில் வாசலில் விழுந்தன. குதிரைகளும் எருமைகளும் கூட. பலியானவர்கள் மரண தண்டனைக்குரிய கைதிகள் என்று நூனிஸ் சமாதானம் சொல்கிறார். பிறகு அந்தப் பள்ளத்தாக்கு ஒன்பது ஆண்டு வரியில்லாமல் விடப்பட்டுத் திருந்தியது. நூனிஸ் காலத்தில் 20,000 வராகன் வருமானம் தந்தது.

வராகன் எத்தனை என்று தெரிகிறது. தலை எத்தனை என்று தெரிகிறது. மண் சுமந்த இருபதாயிரம் பேரில் ஒருவன் பெயராவது தெரிகிறதா?

அவ்வளவு தூரம் போவானேன்? காட்டுப்பள்ளிக்கு மேற்கே ஓடும் கால்வாயைப் பாருங்கள். அதற்குப் பெயர் பக்கிங்காம் கால்வாய். பக்கிங்காம் பிரபு மதராஸ் கவர்னர். 1876-லிருந்து 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைத் தோண்டியவர்கள் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்கள். வெட்டியவன் எலும்பும் தோலும், பெயர் பிரபுவுக்கு!

ஆங்கிலேயன் எழுதிய வரி, மார்க்ஸ் படித்த வரி

ராஜாக்கள் கதை நமக்கு எதற்கு, தூக்கி எறிவோம் என்று சொல்லும் தோழர்கள் உண்டு. அது சரியல்ல. முன்னே சொன்ன பேக்கனின் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். அவர் உழைப்பாளியின் நண்பர் அல்லர். அரசாங்கத்தின் உச்சிப் பதவியில் இருந்து லஞ்சக் குற்றத்தில் வீழ்ந்தவர். ஏழாம் ஹென்றியின் புகழை எழுத உட்கார்ந்தவர். ஆனால் 1489-ஐச் சொல்லும் இடத்தில், பிரபுக்கள் உழவு நிலத்தை வேலிபோட்டு ஆட்டு மேய்ச்சலுக்குத் திருப்பியதையும், அதனால் கிராமங்கள் நலிந்ததையும் எழுதிவிட்டார். 20 ஏக்கருக்குக் குறையாத நிலத்தோடு கூடிய உழவர் வீடுகளை இடிக்கக் கூடாது என்று அரசன் சட்டம் போட்டான். சட்டம் ஏட்டில் நின்றது. வேலி வயலில் நின்றது.

1867-ல் கார்ல் மார்க்ஸ் மூலதனம் நூலை வெளியிட்டபோது, உழவனிடமிருந்து நிலம் பறிக்கப்பட்ட அத்தியாயத்தில் பேக்கனின் இந்தப் பக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தார். அரசன் புகழ் பாட வந்த புத்தகம், நிலமிழந்தவனுக்காகச் சாட்சி சொல்ல நேர்ந்தது! அரசன் சரித்திரத்தை நாம் படிக்க வேண்டிய முறை இதுவே. புகழ்ச்சியைப் பதராகப் புடைத்துத் தள்ள வேண்டும். எழுதியவன் கை தவறிச் சிந்திய நெல்மணிகளைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

நம் கரையில் நடந்தது

விஜயநகர ராஜ்யத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று நம் பழவேற்காடு. இங்கிருந்து சாயத் துணிகள் மலாக்காவுக்குப் போயின. போர்ச்சுக்கீசியர் வந்து தங்கினார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்தார்கள்.

1639-ல், சந்திரகிரியில் இருந்த விஜயநகர அரசருக்குக் கீழ்ப்பட்ட தாமர்ல நாயக்கர், மதராஸ்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலக் கும்பினிக்கு அனுமதி கொடுத்தார். நிலமெல்லாம் அரசனுடையது, அவன் கையிலிருந்து நாயக்கன் கைக்கு வருகிறது என்று நூனிஸ் எழுதியதை நினைத்துப் பாருங்கள். நாயக்கன் கையிலிருந்து கும்பினி கைக்குப் போக நூறே ஆண்டுதான் பிடித்தது. பட்டயத்தில் இருந்தது நாயக்கர் வாக்கு. கரையில் வலை காயவைத்த குப்பத்தார் வாக்கல்ல.

காட்டுப்பள்ளியின் கதையும் நமக்குத் தெரிந்ததே. கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே கிடந்த மீனவக் கரை இது. 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. கப்பல் கட்டும் தளம் வந்தது. குப்பம் இடம் பெயர்ந்தது. 2013-ல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 330 ஏக்கரில் உள்ள அந்தத் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிப்பதென்று ஒரு திட்டம் வைக்கப்பட்டபோது, பழவேற்காடு வரையிலும் மீனவர்கள் எழுந்து நின்றதை இந்த வட்டாரம் அறியும்.

இதற்கும் ஒரு நாள் சரித்திரம் எழுதுவார்கள். எத்தனை கப்பல், எத்தனை கன்டெய்னர், எத்தனை கோடி என்று வழவழப்பான தாளில் அச்சாகும். எல்லாம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் புத்தகத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளியின் கூலிக்கு ஒரு வரி இருக்குமா? முறைப்படி பாடு போட்டு ஏரியில் வலை வீசிய மீனவர்களுக்கு ஒரு வரி இருக்குமா? வயல் போனபின் நடவு தேடி பஸ் ஏறிப் போகிற அந்த அம்மாளுக்கு?

நூனிஸ் மாதிரி ஒருவன் வந்து கை தவறி எழுதுவான் என்று நாம் காத்திருக்க முடியாது. 1429-ல் ஜனங்கள் தங்கள் கணக்கைத் தாங்களே கல்லில் வெட்டினார்கள். அதனால்தான் 600 ஆண்டு ஆகப்போகிற இன்றும் அவர்கள் பேசுகிறார்கள். நமக்குக் கல் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு சங்கக் கிளையிலும், ஒவ்வொரு குப்பத்திலும், ஒவ்வொரு சேரியிலும் ஒரு நோட்டு போடுவோம். எந்த வருஷம் எந்த நிலம் போயிற்று, என்ன விலைக்குப் போயிற்று. எந்த வருஷம் என்ன கூலி. யார் எந்த விபத்தில் கை இழந்தார், அவர் வீட்டுக்கு என்ன கிடைத்தது. என்ன வாக்குறுதி கொடுத்தார்கள், எது நிறைவேறியது - தேதி போட்டு எழுதுவோம். கூலிச் சீட்டையும் கேட் பாஸையும் கிழித்துப் போடாமல் அதில் ஒட்டி வைப்போம். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதட்டும். மிகைப்படுத்த வேண்டாம், ஒன்பதை ஒன்பது என்றும் ஆறை ஆறு என்றும் எழுதுவோம். அப்படி எழுதிய கணக்கைப் பேச்சுவார்த்தை மேஜையில் வைத்தால், எதிரே இருப்பவர் எளிதில் தள்ளிவிட முடியாது.

டீக்கடையில் கேட்ட தம்பிக்கு நம் பதில் இதுதான்: வைரம் விற்ற தெரு இருந்தது, அந்தத் தெருவுக்குச் சோறு போட்டவனும் இருந்தான். அவனுடைய கூலியைப் புத்தகத்தில் போட ஆளில்லை. உன்னுடையதைப் போட நீ இருக்கிறாய். இன்று ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போனதும் முதல் வரியை எழுது.